பழைய ஸ்போட்ஸ் காரும் பிறேக் தட்டும்

விரைந்து ஓடுதல் காருக்குப் பெருமை. வேண்டிய இடத்தில் நிற்றலோ அதில் ஏறியவருக்கு உயிர். 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார் வெற்றி பெறுவதற்கு அதன் டன்லொப் தட்டுப் பிறேக்குகள் பெரிதும் துணைநின்றன. 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் நான்கு சக்கரங்களுக்கும் தட்டுப் பிறேக்குகளே அமைந்தன.

இக்காரை இன்றும் பேணுவோர் தேய்ந்த தட்டை மாற்றும்போது, துளையிட்ட தட்டுகளின் பளபளப்பில் மயங்குதல் உண்டு. தட்டின் தொழில் யாது? உராய்வினால் எழும் வெப்பத்தை ஏற்றுக் காற்றிலே கலக்கவிடுதலாகும். வெப்பத்தை ஏற்பது வார்ப்பிரும்பின் நிறை. துளைகள் அந்நிறையைக் குறைக்கின்றன. கடுஞ்சூட்டில் வெடிப்புகள் தொடங்குவதும் பெரும்பாலும் துளையோரத்திலேயே. ஆதலின் வீதியில் ஓடும் காருக்குத் துளையற்ற தட்டே போதும்.

அடுத்தது அளவு. 1971இல் வந்த பன்னிரண்டு சிலிண்டர் ஈ-டைப்பின் முன் தட்டுகள் நடுவே காற்றுவழி உடையவை; முதலில் வந்தவை அவ்வாறானவை அல்ல. ஆகவே காரின் பெயரை மட்டும் கூறி வாங்காது, ஆண்டு, விட்டம், தடிப்பு ஆகியவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும். ஓர் அச்சின் இரு தட்டுகளையும் ஒருங்கே மாற்றிப் புதிய உராய்வுப் பட்டைகளையும் பூட்டுதல் முறை. இன்றேல் கார் ஒருபுறமாக இழுக்கக்கூடும்.

பின் தட்டுகளோ சக்கரத்தருகில் அன்றி, பின்னச்சின் பற்சக்கரப் பெட்டியின் இருமருங்கும் உள்ளன. அப்பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தால் புதுத் தட்டும் வழுக்கும். ஆதலின் முதலில் கசிவை நிறுத்துக. பின்னர் தட்டை மாற்றுக. கண்ணைக் கவரும் தட்டிலும் காலத்தில் நிறுத்தும் தட்டே சிறந்தது.