ஒன்றுக்கு மேல் தர மறுக்கும் குதிரை

உயர்ந்த ஜாதிப் பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே பருவத்தில் பல முட்டைகள் வெளிவரும்படி செய்து, அவற்றினின்று உண்டான கருக்களை எடுத்துச் சாதாரணப் பசுக்களின் வயிற்றில் வைத்து வளர்ப்பது, கால்நடை வைத்திய உலகில் இப்போது யாரும் வியந்து பேசாத காரியமாகிவிட்டது. அந்த வித்தையைப் பெண் குதிரையினிடத்தில் காட்டப் புகுந்தவர்களோ, அரை நூற்றாண்டுக் காலம் பிரயாசைப்பட்ட பின்பும், பசு தருவதில் ஒரு பங்கைத்தான் பெற்றிருக்கிறார்கள். மருந்தில் உள்ள குறை இதற்கு ஒரு காரணம். குதிரையின் சரீர அமைப்பு அதைவிடப் பெரிய காரணம்.

பகல் நீளும் மாதங்களில் ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒரு முறை பெண் குதிரை பருவத்துக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் முதிர்ந்து வெளிப்படுகிறது. கர்ப்பகாலமோ சுமார் 11 மாதம். ஆகவே, அர்ஜென்டினாவின் போலோ மைதானங்களில் புகழ் பெற்ற ஒரு பெட்டைக்குத் தன் ஆட்டத்திறனைச் சந்ததிக்குக் கொடுக்க வேண்டுமானால் ஆட்டத்தை விட்டு ஓராண்டு விலகியிருப்பதைத் தவிர வழியில்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. கரு மாற்றம் அந்தக் கட்டை அறுத்தது. தாய் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்க, அதன் குட்டியை வாடகைத் தாய்க் குதிரை சுமக்கிறது. அமெரிக்காவில் குவார்ட்டர் குதிரைச் சங்கம், இம்முறையில் ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் பதிவு செய்ய மாட்டோம் என்று வைத்திருந்த விதியை, வழக்கொன்றின் பயனாக 2002இல் கைவிட்டதும், ஒரே தடவையில் பல கருக்களைப் பெறும் ஆசை வளர்ப்போரிடையே வேகங்கொண்டது.

அந்தக் கருக்களைத் தாயே சுமக்கட்டுமே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உட்புறம் முழுவதையும் பற்றிப் படர்ந்தால்தான் குட்டிக்குப் போதிய ஆகாரம் கிடைக்கும். இரண்டு குட்டிகள் அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் பெரும்பாலும் இரண்டுமே வீணாகின்றன, சில சமயங்களில் தாயின் உயிருக்கும் ஆபத்து வருகிறது. பந்தயக் குதிரைகளில் தானாகவே இரட்டைக் கரு தரிப்பது அபூர்வமன்று; பதினைந்தாம் நாள் வாக்கில் அல்ட்ராசவுண்டுத் திரையில் இரண்டு கரிய வட்டங்களைக் கண்டால், வைத்தியர் மலக்குடல் வழியே கைவிட்டு ஒன்றை நசுக்கிவிடுவதே வழக்கம். ஆகையால் பல முட்டைச் சிகிச்சை, கருவைத் தானம் செய்யும் பெட்டைக்கே உரியது.

இதில் பிரகிருதியின் விசித்திரம் ஒன்று உண்டு. சினைக் குதிரையின் இரத்தத்தில், கர்ப்பத்தின் 40ஆம் நாளை ஒட்டி ஒரு ஹார்மோன் தோன்றி 120ஆம் நாள் வாக்கில் மறைகிறது. கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இருவர் 1930இல் கண்டறிந்த இப்பொருள், பசு, ஆடு, பன்றி ஆகியவற்றின் சினைப்பைகளைத் தட்டியெழுப்பிப் பல முட்டைகளைத் தரச் செய்யும் ஆற்றலுள்ளது. உலகெங்கும் அப்படியே பயன்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் அதை உற்பத்தி செய்யும் குதிரைக்கே அதை ஊசியாகப் போட்டால் சினைப்பை ஏறக்குறைய அசைந்து கொடுப்பதில்லை! மற்ற மிருகங்களில் முட்டைக் கொப்புளங்களை வளர்க்கும் ஹார்மோன் போல நடக்கும் அப்பொருள், குதிரையினிடத்தில் கொப்புளத்தை உடைக்கும் ஹார்மோனின் வேலையை மட்டுமே செய்வதுதான் காரணம்.

எனவே, வதைகூடங்களிலிருந்து குதிரைகளின் பிட்யூட்டரிச் சுரப்பிகளைச் சேகரித்து, அவற்றின் சாரத்தை வடித்தெடுத்துப் பரீட்சித்தார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் இவ்வாராய்ச்சியில் முன்னின்றனர். சாரம் பின்னர்ச் சுத்திகரிக்கப்பட்டு, கொப்புளங்களை வளர்க்கும் ஹார்மோனாகிய குதிரையின் எஃப்.எஸ்.எச். என்ற பெயரில் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் விற்பனைக்கும் வந்தது. சிகிச்சை நடக்கும் விதம் இது: முட்டை வெளிப்பட்ட ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள், புதிய கொப்புளங்கள் 20 முதல் 25 மில்லிமீட்டர் வளர்ந்திருப்பதைத் திரையில் கண்டதும், காலையும் மாலையும் ஊசி தொடங்குகிறது. இரண்டாம் நாள் புரோஸ்டாகிளாண்டின் கொடுத்து முந்திய பருவத்தின் மிச்சமான மஞ்சள் திசுவைக் கரைக்கிறார்கள். கொப்புளங்களிற் பல 35 மில்லிமீட்டரை எட்டியதும் ஊசியை நிறுத்தி, சுமார் ஒன்றரை நாள் எதுவும் கொடாமல் விட்டு, பிறகு எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைப் போட்டுக் கொப்புளங்களை உடைத்து, விந்தூட்டுகிறார்கள். ஏழெட்டு நாள் கழித்து, லிட்டர் கணக்கில் திரவத்தைக் கருப்பைக்குள் செலுத்தி, அது திரும்பி வரும்போது மெல்லிய வடிகட்டியில் ஏந்தி, ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் கருவை நுண்ணோக்கியில் தேடியெடுக்கிறார்கள்.

பலன் என்ன? சிகிச்சையில்லாத பெட்டையின் கருப்பையை இரண்டு முறை இவ்வாறு கழுவினால் சராசரி ஒரு கரு கிடைக்கும். சிகிச்சை பெற்றதில் மூன்று நான்கு முட்டைகள் வெளிப்பட்டு, ஒரு முறைக்குச் சராசரி இரண்டை ஒட்டிய கருக்கள் கிடைத்தன. இது லாபந்தான், சந்தேகமில்லை. ஆனால் முட்டைகள் கூடக்கூட, ஒரு முட்டைக்கு இத்தனை கரு என்ற விகிதம் குறைந்துகொண்டே போயிற்று. மற்ற மிருகங்களின் சினைப்பையில் மேற்பரப்பில் எங்கும் முட்டை வெளிப்படலாம். குதிரையின் சினைப்பையோ உள்ளது வெளியாகப் புரட்டி வைத்தாற்போன்றது, முட்டை வெளிவரக் குழிவான ஓர் இடத்தைத் தவிர வேறிடமில்லை. ஒரே வாசலுள்ள மண்டபத்திலிருந்து பலர் ஒருசேரப் புறப்பட்டால் நேரும் நெரிசல் அங்கே நேர்கிறது. முந்தி உடைந்த கொப்புளங்களின் இரத்தக்கட்டிகள் பிந்தியவற்றின் வழியை அடைத்துவிடுகின்றன.

அந்த மருந்தும் சில ஆண்டுகளில் சந்தையினின்று மறைந்தது. மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரித்த அதே ஹார்மோனும் ஆராய்ச்சிகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் பெருந்தொழில் இன்று வேறு பாதையில் திரும்பியிருக்கிறது: முதிராத கொப்புளங்களை ஊசியால் உறிஞ்சி, முட்டைக்குள் ஒற்றை விந்தணுவைச் செலுத்திச் சோதனைக்கூடத்தில் கருவாக்குகிறார்கள், அதற்கு ஹார்மோன் அவசியமில்லை. தரோபிரட் பந்தயக் குதிரைக்கோ இந்த வழிகளில் எதற்கும் அனுமதி கிடையாது. இயற்கையான சேர்க்கையில் பிறந்ததைத்தான் அவ்வினப் பதிவேடு ஏற்கும். நம் நாட்டில் 2023 மே மாதம், தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானீர் நிலையத்தில், கரு மாற்றத்தால் உண்டான முதல் மார்வாரிக் குட்டி பிறந்து ராஜ் பிரதமா என்று பெயர் பெற்றது.

பேர்பெற்ற பெட்டைக்கு ஊசி போட்டால் ஒரு பருவத்தில் மந்தையே கிடைக்கும் என்று எவரேனும் ஆசை காட்டினால், குதிரை வளர்ப்போர் இரண்டு கருக்களுக்கு மேல் கணக்கில் வைக்காமல் விலை பேசுவது உசிதம்.