மின்சாரத்தின் செயல்களும் கிணற்று மோட்டாரும்

ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவிலுள்ள பிள்ளைப்பாக்கத்தில் ஏரியும் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையும் உண்டு. அங்கே ஆலை யந்திரத்தை ஓட்டுவதும் வயற்கிணற்று மோட்டாரை ஓட்டுவதும் ஒரே மின்சாரம்தான். அது கண்ணுக்குத் தோன்றுவதன்று. அதன் செயல்களைக் கொண்டே அறியப்படும்.

முதலாவது செயல் உஷ்ணம். மின்சாரம் ஓடும் கம்பி சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதை ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1841இல் வெளியிட்டார். இஸ்திரிப்பெட்டியில் இச்சூடு நன்மை. மோட்டார்க் காயிலில் இதுவே தீமை.

இரண்டாவது செயல் காந்தம். மின்சாரம் ஓடும் கம்பியருகே திசைகாட்டும் முள் அசைவதை, டென்மார்க் தேசத்து எர்ஸ்டெட் 1820இல் கண்டார். மோட்டாரைச் சுழற்றுவதும், ஸ்டார்ட்டரில் பட்டனை அமுக்கியதும் பற்றிக்கொள்வதும் இக்காந்த சக்தியே.

மூன்றாவது செயல் இரசாயன மாறுதல். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். குடிநீர்க் கிணற்றிலிடும் பிளீச்சிங் பவுடர் அக்குளோரினைக் கொண்டு செய்யப்படுவதே.

மோட்டார் கருகுவதற்குக் காரணம் முதற்செயலே. மூன்று பேஸ்களில் ஒன்று அற்றுப்போயின், மற்ற இரண்டிலும் மின்னோட்டம் மிகும், மோட்டார் உறுமும், காயில் வெகு விரைவில் கருகும். உறுமல் கேட்டவுடன் நிறுத்துதல் வேண்டும். ஃபியூஸ் கம்பி தான் உருகி மோட்டாரைக் காக்கிறது. அவ்விடத்தில் பருத்த செம்புக் கம்பியைக் கட்டுவோர் மோட்டாரையே ஃபியூஸாக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பம்பு செட்டு மின்சாரம் இலவசம். காயில் கட்டும் செலவு இலவசமன்று.

இவையன்றி, மின்சாரம் மனித உடலையும் தாக்கும். 60 வாட்டு பல்பில் ஓடுவது ஏறக்குறைய கால் ஆம்பியர். அதிற் பாதிக்கும் குறைவானது மார்பினூடே பாய்ந்தாலும் இருதயம் நின்றுவிடக்கூடும். ஈரக் கையும் வெறுங்காலும் அதற்கு எளிதில் வழிவிடும். ஆதலால் மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் எர்த் கம்பி இன்றியமையாதது.

பன்றிக்கு அஞ்சி வேலிக் கம்பியில் லைன் மின்சாரத்தைக் கொடுப்பது சட்டப்படி குற்றம். இரவில் மடை திறக்க வரும் சொந்த ஆளையே அது கொன்றுவிடும். அத்தகைய வேலியைக் காணும் கிராம அதிகாரிகள் தாமதமின்றி மின்வாரிய ஆபீசுக்குத் தெரிவித்தல் கடமை. எவரேனும் கம்பியில் அகப்பட்டால் அவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. அது அருகில் இல்லையேல், வீட்டு மின்சாரமாயின், உலர்ந்த மூங்கிற்கழியால் கம்பியை அகற்றுக. உயர் அழுத்த லைனாயின் கிட்ட நெருங்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லி அனுப்புக.