அறுந்த நூலும் ஆபத்தும்

கொழும்பில் மாடிக் கட்டடங்கள் எழும் இடங்களில் பாரந்தூக்கி இயந்திரத்தையே எல்லோரும் அண்ணாந்து பார்க்கின்றனர். பாரத்தை அதன் கொளுக்கியோடு பிணைக்கும் தூக்குப்பட்டியைப் பார்ப்பவர் குறைவு. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் தலைநகருக்கு வேலை தேடி வரும் எமது இளைஞர்கள் அந்தப் பட்டியை நம்பியே வேலை செய்கின்றனர்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பாரந்தூக்கும் சங்கிலி, கயிறு முதலியவற்றைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டுமென விதிக்கின்றது. ஆயினும் நேற்று மாலை கொங்கிறீட் தூணின் விளிம்பில் உரசி அறுந்த நூலை, எப்போதோ வரும் பரிசோதகர் காணப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் பாரம் தூக்குமுன் பார்ப்பது இதனாலேயே அவசியமாகின்றது.

முதலில் பார்க்க வேண்டியது பட்டியில் தைக்கப்பட்டுள்ள அடையாளச் சீட்டு. எத்தனை தொன் தாங்கும் என்பதை அதிலிருந்து வாசிக்க முடியாவிட்டால் அப்பட்டியை ஒதுக்கிவிட வேண்டும். நிறத்தைக் கொண்டு மதிப்பிடுவது வெயிலில் வெளிறிய பட்டியில் எடுபடாது. பின்னர் முழு நீளத்தையும் விரித்து இருபுறமும் நோக்க வேண்டும். வெட்டு, பிரிந்த தையல், உருகிப் பளபளத்து இறுகிய பகுதி, முடிச்சு ஆகியவற்றுள் எது இருப்பினும் அது பாவனைக்கு உதவாது. சீமெந்து விடயத்தில் தனிக் கவனம் வேண்டும். ஈரச் சீமெந்து காரத்தன்மை கொண்டது. பொலியெஸ்டர் இழைகளைக் காரம் அரிக்கும். காய்ந்த துகள்களோ உள்ளே புகுந்து நூலைத் தேய்க்கும். கம்பிக் கயிறாயின் அறுந்த இழைகள், நெளிவு, துரு என்பன கவனிக்கப்பட வேண்டும். வெறுங்கையால் தடவுவது ஆகாது.

நல்ல பட்டியும் கோணம் தவறினால் அறும். 2 தொன் பாரத்தை இரு பட்டிகள் செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 1 தொன் விசையே உண்டாகும். அவை கிடைமட்டத்துக்கு 30 பாகை வரை சரிந்து விரிந்தால் ஒவ்வொன்றும் 2 தொன் விசையைத் தாங்க நேரிடும். அனுபவம் மிக்க பாஸ்மாரும் இக்கணக்கை மறந்துவிடுவதுண்டு.

"இது வேண்டாம்" என்று சொல்லும் தொழிலாளியின் நாட்சம்பளம் பறிபோகாது என்ற உறுதியை ஒப்பந்தகாரர் அளிக்காதவரை இப்பரிசோதனை வெறும் கையொப்பமாகவே இருக்கும். ஒதுக்கிய பட்டியை மூலையில் எறியவும் கூடாது. அவசரத்தில் யாரேனும் அதனை மீண்டும் எடுத்துவிடுவர். அன்றே துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும்.