மரக்கூலி – 9: தொப்பிக்கு அறுபது தேங்காய்

சென்ற வாரம் நம் தென்மாவட்டப் பனங்காடுகளில் இருந்த பங்குமுறையைப் பார்த்தோம். ஒரு நாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறியவருக்கு. தென்னந்தோப்புகளிலும் காய் பறிப்பவர் கூலிக்காசோடு நாலைந்து காயை எடுத்துக்கொண்டு போவது இன்றும் உண்டு. இங்கெல்லாம் மரம் ஒருவருடையது, அதில் ஏறும் உடம்பு இன்னொருவருடையது. இந்த வாரம் போகிற இடத்தில் மரமும் ஏறுபவருடையதுதான். அதற்கு ஈடு கொடுக்க வேண்டியவர் கப்பலில் வந்தார்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிக்கோபார் தீவுகளைத்தான் சொல்கிறேன். சோழர் படைக்கு மூன்றரை நூற்றாண்டு முன்பே, 7ஆம் நூற்றாண்டில், இத்சிங் என்ற சீனத் துறவி கடாரத்திலிருந்து வடக்கே கப்பலேறிப் பத்து நாளுக்கு மேல் பயணம் செய்து ஒரு தீவின் பக்கம் வந்தார். அது நிக்கோபார்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கப்பலைக் கண்டதும் சிறு படகுகள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டனவாம். படகு நிறையத் தேங்காயும் வாழைப்பழமும். பதிலுக்கு அவர்கள் கேட்டது இரும்பு. இரண்டு விரல் அளவுள்ள ஒரு துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்தது என்று இத்சிங் எழுதி வைத்திருக்கிறார். 9ஆம் நூற்றாண்டு அரபு வணிகர்களின் குறிப்புகளிலும் இதே காட்சி வருகிறது.

தேங்காயை இவ்வளவு மலிவாகக் கொடுத்துவிட்டார்களே என்று பரிதாபப்படத் தேவையில்லை. அந்தத் தீவுகளில் தேங்காய்க்குப் பஞ்சமே கிடையாது. பன்றிக்கும் கோழிக்கும் தீவனமே தேங்காய்தான். இரும்போ அங்கே கிடைக்காது. கத்தி இல்லாவிட்டால் மரம் சாயாது, மரம் சாயாவிட்டால் படகு இல்லை. தனக்கு எது வேண்டும் என்பது தீவுக்காரருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்த ஈட்டை நிர்ணயித்ததில் அவர் பங்கும் இருந்தது.

பிறகு வந்தவர்கள் பலர். நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கத்துச் சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள், பர்மாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனிஷ்காரர்களும் 1750களில் அங்கே கொடி நட்டார்கள். 1869இல் தீவுகள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. கொடிகள் மாறினாலும் தேங்காய்தான் செலாவணி. துணி, அரிசி, புகையிலை, வெட்டுக்கத்தி என எல்லாவற்றுக்கும் விலை தேங்காயில்தான். காயை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, இருபது இருபதாக எண்ணுவார்கள். கணக்கு வைக்கக் காகிதம் தேவைப்படவில்லை. மூங்கிலையோ பிரம்பையோ மெல்லிய பட்டையாகச் சீவி, கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தில் வரிசையாகக் கீறிவிடுவார்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு தொகை.

பண்டமாற்றில் வந்த பொருள்களிலேயே விசித்திரமானது தொப்பி. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவிலிருந்து பழைய ஐரோப்பியத் தொப்பிகள் மூட்டை மூட்டையாக நிக்கோபாருக்குப் போயின. கறுப்புப் பட்டை வைத்த உயரமான வெள்ளைத் தொப்பிக்கு 55 முதல் 65 நல்ல தேங்காய் கிடைத்ததாக அக்காலச் செய்திக் குறிப்புகள் சொல்கின்றன. எழுதிய வெள்ளைக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தீவுக்காரர் தன் மரத்துக் காயைக் கொடுத்துத் தனக்குப் பிடித்ததை வாங்கினார். பட்டுப்புடவைக்கு நாம் கொடுக்கும் விலைக்கு மட்டும் என்ன நியாயம் இருக்கிறது?

கொதிப்பு வருவது இன்னொரு வகைக் கூலியைப் படிக்கும்போதுதான். அது நற்சான்றுச் சீட்டு. இவர் நேர்மையானவர், நம்பித் தேங்காய் வாங்கலாம் என்று கப்பல் தலைவர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களைத் தீவுக்காரர்கள் பத்திரமாகப் பாதுகாத்து, அடுத்த கப்பல் வந்ததும் பெருமையோடு நீட்டினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சில சீட்டுகளில், கொண்டு வருபவனை நம்பாதே என்றும் கேலியாகவும் எழுதியிருந்தது. உழைப்பை வாங்கிக்கொண்டு கையில் வசையைத் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். நான் அறிந்த கூலிகளில் இதைவிடக் கேவலமானது வேறில்லை.

தீவுக்காரர்கள் தங்களுக்குள் நடத்திய மாற்றோ வேறு தரம். சௌரா என்ற சின்னஞ்சிறு தீவில் படகுக்கு ஏற்ற பெருமரம் இல்லை, பானைக்கு மண்ணும் இல்லை. மண்ணைப் பக்கத்துத் தெரேசாவிலிருந்து கொண்டுவந்து சௌராப் பெண்கள் பானை வனைந்தார்கள். வேறு தீவில் யாரும் வனையக் கூடாது என்பது வழக்கம். மர வளம் மிகுந்த நான்கௌரித் தீவுப் பக்கத்தில் பெருமரத்தைச் சாய்த்து, உள்ளே குடைந்து, நெருப்பில் வாட்டி, பக்கங்களை மெல்ல விரித்துப் படகாக்கினார்கள். ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை. அந்தப் படகுகள் சௌராவுக்கு வந்து, அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி கார் நிக்கோபாருக்குப் போயின. கிரேட் நிக்கோபார் காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்களும் படகும் பிரம்பும் தேனும் கொடுத்து, கரையோர நிக்கோபாரியரிடமிருந்து கத்தியும் துணியும் பெற்றார்கள். மரவேலைக்கு ஈடு அங்கே பானையாக வந்தது, கத்தியாக வந்தது, துணியாக வந்தது. காசாக வரவில்லை.

வெளி வணிகர்களோடு நடந்த மாற்றைக் கெடுத்தது கடன். சரக்கை இன்று கொடுத்துவிட்டு, காய்க்க வேண்டிய காய்களைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் முறையில் வணிகர் கை ஓங்கியது. 1956ஆம் ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வெளியார் அனுமதியின்றி நுழைவதற்கும் உரிமமின்றி வணிகம் செய்வதற்கும் தடை போட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தென்னந்தோப்புகளையே வாரிக்கொண்டு போனது. புதுக்கன்று காய்க்க ஆறேழு ஆண்டாகும். அதுவரை நிவாரணப் பணத்தையும் அரிசியையும் நம்பியே வாழ வேண்டியிருந்தது.

இப்போது கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று ஒரு பெருந்திட்டம். அதற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்ள 2022 அக்டோபரில் முதற்கட்ட அனுமதி தரப்பட்டது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்பது ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன மதிப்பீடு. ஈடாக மரம் நட முன்வைக்கப்பட்ட இடம் ஹரியானா! ஷோம்பென் படகு குடையும் மரத்துக்கு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடலே இல்லாத மாநிலத்தில் நடும் கன்றை ஈடு என்கிறார்கள். இரும்புத் துண்டை நீட்டிய பழைய மாலுமியாவது, எதிரே நின்றவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டான். இந்தக் கணக்கு அநியாயம்.

2022 ஆகஸ்டில் இத்திட்டத்துக்கு இசைவு தந்திருந்த லிட்டில் மற்றும் கிரேட் நிக்கோபார் பழங்குடியினர் மன்றம், ஆழிப்பேரலைக்கு முன் தங்கள் மூதாதையர் வாழ்ந்த நிலமும் அதில் அடக்கம் என்பது தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று சொல்லி, அதே ஆண்டு நவம்பரில் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.