கடுகண்ணாவைச் சரிவும் மாறிவரும் மழையும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் ரயில் பாதை, கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையைக் கடந்ததும் மலையின் விலாவைக் குடைந்தும் வெட்டியும் கடுகண்ணாவையை அடைகிறது. 1867இல் கண்டியை எட்டிய இப்பாதையின் சரிவுகளையும் மண் அணைகளையும், நீரை வழியவிடும் கான்களையும் மதகுகளையும் அக்காலப் பொறியியலாளர்கள் தாங்கள் அறிந்த மழையைக் கொண்டே அளவிட்டனர். அதில் குறை காண்பதற்கில்லை, ஆனால் அந்த மழை இன்று அப்படியே இல்லை.

மலைச்சரிவில் மண் நிலைத்து நிற்பது துகள்களுக்கிடையே உள்ள உராய்வாலும் பிடிப்பாலும் ஆகும். முழுதும் நனையாத மண்ணில் இருக்கும் சிறிதளவு நீர் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது என்றாலும், அடைமழையில் இடைவெளிகள் நிரம்பியதும் அதே நீர் அவற்றை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. துளைநீர் அழுத்தம் எனப்படும் இது ஏற ஏற, உராய்வு தளர்ந்து மண்மேடு சரிகிறது. வளிமண்டலம் ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடையும்போது சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைக் கொள்வதால், கனமழை மேலும் கனக்கிறது. அதிகம் பேசப்படாத மறுபாதி வறட்சியாகும்: நீண்ட வெயிலில் களிமண் வெடித்து உண்டாகும் பிளவுகள், அடுத்த மழையை நேராக ஆழத்துக்கு இறக்கிவிடுகின்றன.

2016 மே 17இல், பல நாள் மழைக்குப் பின், அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயன்களும் புதையுண்டன. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் கண்டி வீதியோரக் கடையொன்றின் மீது பாறையும் மண்ணும் விழுந்து உயிர்கள் பலியாகிச் சில நாள்களுக்குள், டித்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் துண்டித்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டுவதை அடிப்படையாக வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. ஆட்களை அகற்ற இது உதவுமேயன்றிச் சரிவைத் தாங்கிப்பிடிக்காது. வெட்டுமுகத்தில் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி இறுக்குவதும், கல் நிரப்பிய கம்பிவலைக் கூடைகளை அடுக்குவதும் பெருஞ்செலவானவை. நீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வழியனுப்பும் கானே மலிவானது. அதுவோ எவருக்கும் முழுதாகச் சொந்தமில்லை: மேலே தேயிலை, றப்பர் மலைகளின் கான் தோட்ட நிர்வாகத்தையும், நடுவில் வீதியின் மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையையும், கீழே தண்டவாள அணை ரயில்வே திணைக்களத்தையும் சாரும்போது, மேலே தூர்ந்துபோன கானின் நீர் இம்மூன்று எல்லைகளையும் கடந்தே கீழே வருகிறது.