தொலைக்கணினியின் மறுமொழியின்மை: பிங் கட்டளையும் பாம்பன் தீவின் செயற்கைக்கோள் இணைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வலையமைப்பில் தொலைவிலுள்ள கணினியை எட்ட முடிகிறதா என்பதை அறிய 1983 முதல் பயன்பட்டுவரும் கட்டளைவரிக் கருவி பிங். அது தரும் விடையை 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டினுள் அடக்கிப் படிப்பதால் பழுதறிதல் தடம் மாறுகிறது. மறுமொழி வராமையின் வகைகளைப் பிரித்தறியும் முறையை, தங்கச்சிமடம் கிராம வள மையம் போன்ற செயற்கைக்கோள் வழி அமைப்பை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிங், மறுமொழியின்மை, பழுதறிதல், அபாவம், தங்கச்சிமடம்.

முன்னுரை

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இணைந்து 2004 அக்டோபரில் கிராம வள மையங்களைத் தொடங்கின. முதற்கட்ட மையங்களுள் ஒன்று பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள தங்கச்சிமடத்தில் அமைந்தது. சென்னை நடுவத்துடன் செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டது. கடல்நிலைச் செய்தி மீனவரைச் சென்றடையும் வழிகளுள் இத்தகைய மையமும் ஒன்று. எனவே, 'தீவிலுள்ள கணினி இயங்குகிறதா?' என்று சென்னையில் இருப்பவர் கேட்பது வெறும் தொழில்நுட்ப வினா அன்று. விடையைத் தவறாகப் படித்தால் அலையுயரச் செய்தி ஊருக்கு எட்டாமல் நின்றுவிடும். நின்றுவிட்டது என்பதும் தெரியாமற்போகும்.

கருவியின் தோற்றம்

எதிரொலி வேண்டுகோள், எதிரொலி மறுமொழி என்னும் இரு செய்திவகைகளை 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 792 என்னும் ஆவணம் வரையறுத்தது. அமெரிக்கப் படைத்துறையின் எறியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ், 1983 டிசம்பரில் வலையமைப்பில் நேர்ந்த ஒரு கோளாற்றைக் கண்டறிய முற்பட்டபோது, இவ்விரு செய்திகளையும் கொண்டு பிங் நிரலை எழுதினார். நீர்மூழ்கிகளின் சோனார் எழுப்பும் ஒலியே பெயராயிற்று. இராமேசுவரத்து விசைப்படகுகளில் உள்ள எதிரொலிமானியும் இதே நெறியில் இயங்குவது. கடல்நீரில் ஒலியின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். 12 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் எதிரொலி 16 மில்லிநொடியில் திரும்பும். படகோட்டி அந்தக் காலத்தைக் கொண்டே ஆழத்தை அறிகிறார். பிங் கருவியைப் பயன்படுத்துவோரோ மறுமொழி வந்ததா என்பதோடு நின்று, காலத்தைப் படிக்காமல் விடுகின்றனர்.

காலம் சொல்லும் செய்தி

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளது. வேண்டுகோள் ஏறி இறங்கவும் மறுமொழி ஏறி இறங்கவும் அவ்வுயரத்தை நான்கு முறை கடக்க வேண்டும்: 1,43,144 கி.மீ. ஒளியின் விரைவில் இதற்கே ஏறத்தாழ 477 மில்லிநொடி ஆகும். கருவிகளின் தாமதமும் சேர்ந்தால் 500ஐத் தாண்டும். சென்னைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட சாலைத் தொலைவான ஏறத்தாழ 550 கி.மீ. நீளத்துக்கு ஒளியிழை இருப்பின், சென்று திரும்ப 6 மில்லிநொடிக்கும் குறைவான காலமே இழையினுள் கழியும்.

இக்கணக்கு பழுதறிதலுக்கு நேராகப் பயன்படுவது. செயற்கைக்கோள் வழி மட்டுமே உள்ள ஒரு மையத்திலிருந்து 20 மில்லிநொடியில் மறுமொழி வருமாயின், அது அம்மையத்துக் கணினியின் மறுமொழியாக இருக்க இயலாது. அதே முகவரியைக் கொண்ட, அருகிலுள்ள வேறொரு கருவி விடையளிக்கிறது என்றே கொள்ள வேண்டும். மறுமொழியில் காணப்படும் வாழ்நாள் எண்ணும் இதற்குத் துணைச்சான்று. விண்டோஸ் பொதுவாக 128இலும், லினக்ஸ் 64இலும், திசைவிகள் பல 255இலும் தொடங்குகின்றன. இடையிலுள்ள ஒவ்வொரு திசைவியும் ஒன்றைக் குறைக்கும். விண்டோஸ் கணினியை நோக்கிய வேண்டுகோளுக்கு 250 என்னும் எண்ணுடன் மறுமொழி வந்தால் விடையளித்தது யார் என்று ஐயுறல் வேண்டும்.

மறுமொழியின்மையின் வகைகள்

'பெயரைக் கண்டறிய இயலவில்லை' என்று திரையில் தோன்றினால் வேண்டுகோள் புறப்படவே இல்லை. பெயரை விடுத்து எண்முகவரியைக் கொடுத்துப் பார்ப்பதே அடுத்த படி. 'கணினியை அடைய இயலவில்லை' என்பது வேறு. அங்கே ஏதோ ஒரு கருவி, வழி இல்லை என்று சான்றுரைக்கிறது; அதை உரைத்த முகவரி எது என்பதே முதலில் நோக்கத்தக்கது. விண்டோஸில் நம் கணினியின் முகவரியே அவ்விடத்தில் வருவதுண்டு; பழுது நம் அறைக்குள் இருப்பதற்கான குறிப்பு அது. இவ்வகைச் செய்தியையும் விண்டோஸ் பிங் 'பெறப்பட்டது' என்றே கணக்கிடுகிறது. இறுதி வரியில் 'இழப்பு 0 விழுக்காடு' என்றும் காட்டும். இறுதி வரியை மட்டும் அறிக்கையில் சேர்ப்போர் இதனால் ஏமாறுவர்.

'காலம் கடந்தது' என்பதே மிகுதியும் பிறழப் படிக்கப்படுவது. இங்கே எவரும் எதையும் சொல்லவில்லை. குறித்த நேரம் காத்திருந்தேன் என்று நம் கணினியே தெரிவிக்கிறது; விண்டோஸில் அந்நேரம் 4 நொடி. கணினி அணைந்திருக்கலாம், வேண்டுகோள் சென்றும் மறுமொழி வழியில் இழந்திருக்கலாம், தீயரண் வேண்டா என்று கைவிட்டிருக்கலாம். கடைசிக் காரணம் அரிதன்று. 2004 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத்தொகுப்பு தீயரணை இயல்பாகவே இயக்கியது. அதன்பின் நலமாக இயங்கும் கணினிகளும் பிங் வேண்டுகோளுக்கு வாய்திறவாதிருப்பது இயல்பாயிற்று.

தமிழ் அளவை மரபில் இதற்கு இடமுண்டு. மணிமேகலையின் 27ஆம் காதை கூறும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. ஓரிடத்தில் ஒரு பொருள் இன்மையை அறிவது அது. ஆனால், காணத்தக்க நிலை இருந்தும் காணாதபோதே இன்மையைத் துணிய முடியும். இருட்டறையில் குடத்தைக் காணாதவர் 'குடம் இல்லை' எனல் பொருந்தாது. தீயரணுக்கு அப்பால் உள்ள கணினி இருட்டறைக் குடம் போன்றது. இக்கரைக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய பாம்பன் பயணிகள் வண்டி சைகை கிடைக்காமல் நின்றது. காத்திருந்த ஓட்டுநர் பின்னர் வண்டியைச் செலுத்தினார் என்றே பரவலாகப் பதிவாகியுள்ளது. பொங்கிய கடல் வண்டியை விழுங்கியது. சைகையின்மையைச் சைகைப் பழுதாக மட்டும் கொள்வதற்கும், அதைக் கொண்டே முடிவுக்கு வருவதற்கும் இடையில், வேறொரு சான்றைத் தேடும் வாய்ப்பு அவ்விரவில் அவருக்கு இருந்திருக்காது. வலையமைப்பில் நமக்கு உண்டு.

அணுகும் முறை

அருகிலிருந்து தொலைவுக்குச் செல்வதே நெறி: முதலில் 127.0.0.1, பின் தன் முகவரி, நுழைவாயில் திசைவி, நடுவத்தின் திசைவி, இறுதியாகத் தொலைக்கணினி. மறுமொழி எங்கு முதலில் நிற்கிறதோ அவ்விடமே தேடலின் தொடக்கம். விட்டுவிட்டு மறுமொழி வருமிடத்தில் நான்கு வேண்டுகோள்கள் போதா. நூறேனும் அனுப்பி இழப்பை நோக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடர்மழை உயர் அதிர்வெண் அலைகளை வலுவிழக்கச் செய்யும். இழப்பு மழையோடு வந்து மழையோடு போனால் காரணம் வானில். வெயிலிலும் தொடர்ந்தால், உப்புக்காற்றில் அரித்த இணைப்பிகளைக் கழற்றிப் பார்ப்பது பயன்தரும். சிறு பொதிகள் செல்ல, 1,472 பைட்டு தரவுடைய பொதி மட்டும் என்றும் நிற்குமாயின் அது வேறு பழுது: வழியில் எங்கோ பொதியின் உச்ச அளவு 1,500 பைட்டைவிடக் குறைவாக உள்ளது.

மறுமொழி வந்தாலும் பணி முடிவதில்லை. எதிரொலியைத் தருவது இயக்குதளத்தின் உட்கரு. முன்னறிவிப்பைக் காட்டும் நிரல் உறைந்துபோன கணினியும் தவறாமல் எதிரொலிக்கும். நிரல் கேட்டுக்கொண்டிருக்கும் துறை திறந்துள்ளதா என்பதைப் பிங்கினும் மூத்த டெல்நெட் கருவியால் சோதிக்கலாம். விண்டோஸ் விஸ்டா முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் கூறுகளின் பட்டியலில் தேர்ந்து இயக்க வேண்டும். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புவது அது. ஆதலின் துறையைத் தட்டிப் பார்க்க மட்டும் அதைக் கொண்டு, உள்நுழைவுக்குப் பாதுகாப்பு உறையான எஸ்.எஸ்.எச். கருவியைப் பயன்படுத்துவது தக்கது.