நின்றுபோன காரிடம் நான்கு கேள்விகள்

கார் ஓட என்ன வேண்டும் என்று கேட்டால், "பெட்ரோல்" என்று சட்டெனச் சொல்லிவிடுவீர்கள். அது பாதி விடைகூட அல்ல! பெட்ரோல் தக்க அளவில் காற்றுடன் கலக்க வேண்டும். சிலிண்டருக்குள் அந்தக் கலவையைப் பிஸ்டன் அழுத்தி இறுக்க வேண்டும். சரியான தருணத்தில் அங்கே ஒரு மின்பொறி பாய வேண்டும். இவையெல்லாம் தொடங்குவதற்கு எஞ்சினை முதலில் ஏதாவது ஒன்று சுற்றிவிட வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் கார் நின்ற இடத்தை விட்டு அசையாது.

இக்காலக் கார்களில் கோளாறைக் கண்டு சொல்ல ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய காரில் அது கிடையாது. அங்கே கணிப்பொறியின் வேலையை நம் மூளைதான் செய்ய வேண்டும்.

சென்னையின் சொந்தக் கார்

எடுத்துக்காட்டாக ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. உருவமைத்தவர் மிக்கலாட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 948 கன செ.மீ. எஞ்சின், நான்கு சிலிண்டர்கள். இதன் முன்பகுதி முழுவதும் முதலையின் வாய்போல முன்னோக்கித் திறந்துகொள்ளும். டயரின் மீது உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பழுது பார்க்கலாம்!

அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி 1988-இல் நின்றது. ஆகவே இன்று ஹெரால்டுக்குப் புதிய பாகம் கடையில் எளிதில் கிடைக்காது. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேட வேண்டியிருக்கும். ஊகத்தின் பேரில் நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் அதற்கு ஈடு கிடைக்காமலே போகலாம். எனவே பழைய காருக்கு முதல் மருந்து ஸ்பேனர் அல்ல, சரியான கேள்வி.

தொடுவதற்கு முன்

இந்தச் சோதனைகளை வீட்டுப் பெரியவர் அல்லது மெக்கானிக் செய்ய, நீங்கள் உடனிருந்து பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து போகாமல் தரையில் படர்ந்து நிற்கும். ஆகவே நெருப்பு அருகில் வரக்கூடாது. கதவு, சன்னல் மூடிய இடத்தில் வேலை கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் குறைந்து, ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும்.

கேள்வி 1: எஞ்சின் சுற்றுகிறதா?

சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஓசை மட்டும் வருகிறது என்று கொள்வோம். முன்விளக்கை எரியவிட்டு மீண்டும் திருப்புங்கள். விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். விளக்கு மங்காமல் இருந்தால் மின்சாரம் செல்ஃப் மோட்டாரைச் சென்றடையவே இல்லை என்று பொருள்.

இணைப்பு கெட்டால் என்ன ஆகிவிடும்? ஓம் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடியது. பாட்டரி முனையில் படிந்த உப்புப் பூச்சு 0.05 ஓம் மின்தடை தருவதாகக் கொள்வோம். 100 × 0.05 = 5 வோல்ட். அதாவது 12 வோல்ட்டில் 5 வோல்ட் அந்த மூட்டிலேயே வீணாகிறது! அங்கே 500 வாட் வெப்பமும் உண்டாகிறது. செல்ஃப் அடித்தபின் எந்த மூட்டு சுடுகிறதோ, அதுவே குற்றவாளி. கடற்காற்று வீசும் மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பாட்டரியைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவினால் படிந்த அமிலம் நடுநிலையாகிவிடும். கரைசல் பாட்டரிக்குள் போய்விடக்கூடாது.

பாட்டரியைக் கழற்றும்போது காரின் உடலோடு இணைந்த முனையையே முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் குறுக்குச் சுற்று ஏற்படாது. பழைய பிரிட்டிஷ் வகைக் கார்கள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். பார்த்துச் செய்ய வேண்டும்.

கேள்வி 2: பொறி வருகிறதா?

12 வோல்ட் பாட்டரியிலிருந்து பல்லாயிரம் வோல்ட் பொறி எப்படிப் பிறக்கிறது? 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே காரணம். காயிலின் முதன்மைச் சுருளில் ஓடும் மின்சாரத்தை 'பாயிண்ட்' என்னும் சிறு தொடுமுனை திடீரெனத் துண்டிக்கிறது. காந்தப்புலம் சரிகிறது. ஏராளமான சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் தோன்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை 1, 3, 4, 2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால் வினாடிக்கு 100 பொறிகள்!

சோதனை எளிது. ஒரு பிளக்கின் ஒயரை எடுத்து, கையிருப்பிலுள்ள வேறொரு பிளக்கில் மாட்டி, அதை எஞ்சின் உலோகத்தின்மேல் கிடத்தி, செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது அதைக் கையால் தொடக்கூடாது. நீலநிறப் பொறி "சட் சட்" எனப் பாய்ந்தால் நலம். பாயாவிட்டால், காயிலிலிருந்து நேரே வரும் தடித்த ஒயரில் இதே சோதனையைச் செய்யலாம். அங்கே பொறி இருந்தால் பழுது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ ரோட்டரிலோ ஒயரிலோ உள்ளது. அங்கும் இல்லையென்றால் காயில், பாயிண்ட், கண்டன்சர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது, கவனித்தீர்களா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்தாலும் பொறி வழிதவறும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பாயிண்ட்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்க வேண்டும்.

கேள்வி 3: பெட்ரோல் வருகிறதா?

பொறிச் சோதனையை முடித்த பிறகே பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் தீ விபத்து நேரும். மெக்கானிக்குகள் 'ஏ.சி. பம்ப்' என்று சொல்லும் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிறது. டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்பரேட்டருக்கு அனுப்புவது இதுவே. பம்பின் கைநெம்புகோலை அசைத்தால் குழாயில் பெட்ரோல் விட்டுவிட்டுப் பாய வேண்டும். அதைப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்று ஒரு புதிய சிக்கலும் உண்டு. 2025 வாக்கில் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் சவ்வும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதி, வெடித்து, கசியக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாட்டுவது அவசியம்.

கேள்வி 4: அழுத்தம் இருக்கிறதா?

மூன்றும் சரியாக இருந்தும் எஞ்சின் இயங்கவில்லையா? வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. இது பட்டறைக்கு உரிய வேலை.

மே மாதப் புதிர்

இனி ஒரு புதிர். மே மாத நண்பகலில் அடையாற்றிலிருந்து தியாகராய நகருக்கு வந்த கார், பனகல் பூங்கா அருகே இருபது நிமிடம் நிற்கிறது. பிறகு கிளம்ப மறுக்கிறது. மாலையில் யாரும் தொடாமலே கிளம்பிவிடுகிறது! ஏன்?

எஞ்சின் நின்றதும் விசிறியும் நீரோட்டமும் நின்றுவிடுகின்றன. உள்ளே தேங்கிய வெப்பம் பம்புக்கும் கார்பரேட்டருக்கும் பரவுகிறது. இதனால் மூன்று வகைக் கோளாறுகள் நேரலாம்.

ஒன்று, பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாதலால் கொதிப்பது இன்னும் எளிது. குழாயில் ஆவிக்குமிழ் நிரம்பினால், பம்ப் குமிழைத்தான் சுருக்கி விரிக்குமே தவிர பெட்ரோலை நகர்த்தாது. இது ஆவியடைப்பு. இரண்டு, கார்பரேட்டரில் உள்ள பெட்ரோல் பொங்கி வழிந்து சிலிண்டருக்குள் மிகுதியாகப் போகலாம். மூன்று, பழைய காயிலோ கண்டன்சரோ சூட்டில் மட்டும் செயலிழக்கலாம்.

அடையாளம் ஒன்றே, காரணங்கள் மூன்று. பிரிப்பது எப்படி? கார் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். பொறி இல்லையென்றால் மூன்றாவது. பொறி இருந்து, கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் இரண்டாவது; ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துச் செல்ஃப் அடித்தால் மிகுதி வெளியேறும். பொறி இருந்து பிளக் உலர்ந்திருந்தால் ஆவியடைப்பு என்று கொள்ளலாம். ஆறும்வரை காத்திருந்தால் இந்தச் சான்றுகள் அனைத்தும் மறைந்துவிடும்!

ஆவியடைப்புக்குப் பழைய ஓட்டுநர்கள் ஒரு கைவைத்தியம் செய்வார்கள். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றுவார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைப் பம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். இக்காலக் கார்களில் பம்ப் டாங்கிற்குள்ளேயே இருந்து, பெட்ரோலை உயர்ந்த அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனால் அது எளிதில் கொதிப்பதில்லை.

செய்து பாருங்கள்

கார் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரு புட்டிகளில் நீர் நிரப்பி, ஒன்றின்மேல் ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும் குறியுங்கள். வறண்ட நண்பகலிலும், கடற்காற்று வீசும் மாலையிலும் தனித்தனியே செய்யுங்கள். வேறுபாடு எப்போது அதிகம்? காற்றின் ஈரப்பதம் அதில் என்ன செய்கிறது? ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும். கார் பழுது பார்ப்பவருக்கும் விஞ்ஞானிக்கும் பொதுவான விதி இது.